பலா இலையில் இறங்கிய பால்

நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அப்போதெல்லாம் கைப்பிள்ளை உள்ள வீட்டில் பால் புகட்டும் சங்கு ஒன்று கட்டாயம் இருக்கும். பெயர்தான் சங்கு; உண்மையில் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். சில வீடுகளில் வெள்ளி, எங்கள் வீட்டில் பித்தளை. ஆழமான வயிறும் குட்டை மூக்குமாக இருக்கும். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அதன் விளிம்பு வழுக்கும். அப்பா, அத்தை, நான், எல்லோரும் அதில் குடித்து வளர்ந்தவர்கள்தான். என் தங்கைக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை. அந்த வருஷத்து முந்திரிப் பருவம் முழுக்க எங்கள் வீட்டுக் கவலை ஒன்றே ஒன்றுதான்: எந்தப் பாத்திரத்தில் ஊற்றினால் பால் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பது. இப்போது கேட்டால் வேடிக்கையாக இருக்கும். அப்போது அப்படி இல்லை.

எங்கள் ஊர் கந்தர்வக்கோட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. செம்மண் பூமி. மழை பெய்தால் கடலை, பொய்த்தால் முந்திரியே துணை. வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்கா. அத்தைக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷமே மாமா போய்விட்டார். பிள்ளை கிடையாது. அதிலிருந்து எங்களோடுதான் இருந்தார். நான் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

தங்கை தை மாதக் கடைசியில் வீட்டிலேயே பிறந்தாள். பிள்ளை அழுகிற சத்தம் வெளியே கேட்டது. ஆனால் என்ன பிள்ளை என்று யாரும் வந்து சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மருத்துவச்சி வந்து, கையைக் கழுவிக்கொண்டே அப்பாவிடம், "பொம்பளப் புள்ளங்க. நல்லாத்தான் இருக்கு. ஒதடுதான்..." என்று நிறுத்திவிட்டார்.

மேலுதடு மூக்கு வரைக்கும் இரண்டாகப் பிரிந்திருந்தது. வாயைத் திறந்து அழுதபோது எட்டிப் பார்த்தேன். உள்ளே மேலண்ணமும் நடுவில் திறந்திருந்தது. எனக்குப் பயமாக இல்லை. எல்லாப் பிள்ளைகளும் பிறந்த அன்று இப்படித்தான் இருக்கும், பிறகு கூடிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை சுவரோரம் உட்கார்ந்து சொன்னார்: "கெரகணத்தன்னைக்கி அருவாமனையில உக்காராத, உக்காராதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா?"

வயிற்றில் பிள்ளை இருந்தபோது ஒரு கிரகணம் வந்ததும், அன்று அம்மா புடலங்காய் நறுக்கியதும் உண்மைதான். பிற்பாடு தஞ்சாவூர் டாக்டர், கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் அந்தத் தை மாதத்துக்குப் பிறகு அம்மா அரிவாள்மனையில் உட்கார்ந்ததே இல்லை. எங்கள் வீட்டில் அப்பாவும் நானும்தான் காய் நறுக்குவோம். அம்மா சாகிறவரை அப்படித்தான் நடந்தது.

பிள்ளை பால் குடிக்க வேண்டுமானால் வாய்க்குள் காற்றை இழுக்க வேண்டும். மேலண்ணம் திறந்திருந்தால் அந்த இழுப்பு நிற்காது, மூக்கு வழியாகப் போய்விடும். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது நான் பார்த்தது, அவள் அம்மாவின் மார்பில் முட்டி முட்டிப் பார்ப்பாள், களைத்துத் தூங்கிவிடுவாள், அம்மாவின் ரவிக்கை நனைந்திருக்கும், பிள்ளையின் வயிறு ஒட்டியே கிடக்கும்.

ஆகவே சங்கை எடுத்தார்கள். அம்மா பாலைப் பீய்ச்சி டம்ளரில் கொடுப்பார். அத்தை பிள்ளையை மடியில் கிடத்தி, சங்கில் ஊற்றிப் புகட்டுவார். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குச் சங்கு பிடித்தவர் அத்தை. அந்தக் கைக்கு நல்ல பெயர். ஆனால் அந்தச் சங்கைச் சாய்த்தால் முதலில் ஒன்றும் வராது. இன்னும் கொஞ்சம் சாய்த்தால் வயிற்றில் தேங்கியிருந்தது மொத்தமும் ஒரே மடக்காகக் கொட்டும். மற்ற பிள்ளைகள் அதை விழுங்கிவிடும். என் தங்கைக்குப் பாதி மூக்கில் ஏறியது.

ஒரு காலை நேரம். அத்தை மடியில் அவள் இருமினாள். பிறகு இருமல்கூட வரவில்லை. முகம் கருத்து, நகமெல்லாம் நீலமானது. அம்மா ஓடிவந்து பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். பாலும் சளியுமாக வெளியே வந்த பிறகுதான் அழுகைச் சத்தம் கேட்டது. அத்தை எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். அதன் பிறகு பிள்ளையைத் தொடவில்லை. அம்மா கையில் வேலையாக இருக்கும்போது தங்கை அழுதாலும் அத்தை என்னைத்தான் கூப்பிடுவார்: "ஏ புள்ள, போய்த் தூக்கு." அத்தைக்குப் பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று நான் முடிவு கட்டினேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தார் என்று தோன்றுகிறது.

துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஒரு நாள் வீட்டுக்கு வந்து பார்த்தார். பக்கத்து ஊர் வேதக்காரக் குடும்பத்துப் பெண்; கிறிஸ்தவர். ஜாக்கெட்டில் கடிகாரத்தைக் குத்தியிருப்பார். பார்த்தவுடனே, "இது தைக்கிற கேசுங்க. வீட்ல வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க? நாளைக்கே தஞ்சாவூர் கெளம்புங்க" என்றார்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. அப்பாவும் அம்மாவும் பிள்ளையோடு போக, பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். டாக்டரம்மா தன் சுட்டுவிரலைப் பிள்ளையின் வாய்க்குள் விட்டுப் பார்த்தார்.

"ஒதட்ட முதல்ல தச்சிரலாம். அண்ணத்த அப்புறம் தைக்கணும். ஆனா இப்ப முடியாது. மயக்கமருந்து தாங்கணும்ல? நாலரைக் கிலோ ஆகட்டும், கொண்டாங்க."

"இப்ப எம்புட்டுங்க இருக்கு?" என்றார் அப்பா.

"ரெண்டரைக்கும் கீழ." டாக்டரம்மா அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "நிமித்தி உக்கார வச்சுப் பால் குடுக்கணும். மெதுவா, கொஞ்சங்கொஞ்சமா. கொட்டிடக் கூடாது. ஆனா ரொம்ப நேரமும் எடுக்கக் கூடாது. குடிக்கிற களைப்புலயே எடை கொறஞ்சிரும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, "மெதுவாவும் இருக்கணுமாம், வெரசாவும் இருக்கணுமாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

முதலில் ஸ்பூனில் கொடுத்துப் பார்த்தார்கள். மூச்சடைக்கவில்லை. ஆனால் பாதி கழுத்தில் வழியும். கால் டம்ளர் உள்ளே போவதற்குள் பிள்ளை தூங்கிவிடும். அப்பா புதுக்கோட்டைக்குப் போய் ரப்பர் மூடி போட்ட பால் புட்டி வாங்கி வந்தார். அவளால் ரப்பரை உறிஞ்ச முடியவில்லை. அப்பா ஊசியைப் பழுக்கக் காய்ச்சி ஓட்டையைப் பெரிதாக்கினார். புட்டி நிறைய இருக்கும்போது பால் பீறிட்டு வரும், அவள் திணறுவாள். பாதி குறைந்ததும் வேகம் அடங்கும். அடியில் வந்ததும் சொட்டிக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் நடுவில் அவளுக்குத் தோதான வேகம் கொஞ்ச நேரம்தான் கிடைத்தது. அப்பா புட்டியைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்துவிட்டு, "சனியன், ஒரு சீரா வரமாட்டேங்குது" என்று வைத்துவிட்டார்.

கிணற்றடியில் துவைக்கிற கல் ஒன்று இருந்தது. மதியத்தில் நான் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். எனக்கு அப்போது விளையாட்டும் கவலையும் ஒன்றாகத்தான் இருந்தன. ஓர் அகல் விளக்கைத் தங்கையின் வாய் என்று வைத்துக்கொண்டேன். வீட்டிலிருந்த ஒவ்வொரு பாத்திரத்திலும் தண்ணீர் எடுத்து, அகல் வழியாமல் ஊற்றிப் பார்த்தேன். டம்ளர் சங்கைப் போலவே ஏமாற்றியது. செம்பு கழுத்தில் அடைத்துக்கொண்டு 'களக் களக்' என்று துள்ளியது. வாயகன்ற வட்டகையை ஒரு பக்கம் சாய்த்தால் விளிம்பு முழுவதும் வழிந்தது.

பிறகு காலி டின்கள். உயரமான பவுடர் டின் ஒன்று, அகலமான பிஸ்கட் டின் ஒன்று. இரண்டுக்கும் அடிப்பக்கம் ஒரே ஆணியால் ஓட்டை போட்டேன். விரலால் அடைத்துக்கொண்டு, இரண்டிலும் அதே டம்ளரால் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். விரலை எடுத்தேன். பவுடர் டின்னில் தண்ணீர் பாய்ந்துகொண்டு இறங்கியது. பிஸ்கட் டின்னில் அதே தண்ணீர், அதே ஓட்டை, சோம்பேறித்தனமாக இறங்கியது. பவுடர் டின் காலியான பிறகும் வெகுநேரம் பிஸ்கட் டின்னில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரே தண்ணீர் ஏன் இப்படி இரண்டு விதமாக நடந்துகொள்கிறது என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். மேலே நிற்கிற தண்ணீர் உயரமாக நின்றால் கீழே இருப்பதைப் போட்டு நெருக்குகிறது. பரந்து நின்றால் நெருக்காது. அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. தங்கைக்கு நெருக்காத பாத்திரம் வேண்டும். ஆனால் அகலமாக இருந்தால் வழிகிறது. அதோடு மாட்டிக்கொண்டேன்.

அப்போது முந்திரிப்பழம் விழத் தொடங்கியிருந்தது. அந்த வாசனை உங்களுக்குத் தெரியும்: இனிப்பும் புளிப்பும் கலந்து, கொஞ்சம் மூக்கை அடைக்கிற வாசனை. விடிந்ததும் முந்திரிக் கொல்லைக்குப் போய்ப் பழத்தைத் திருகிக் கொட்டையை எடுத்துச் சாக்கில் போடுவோம். சாறு பட்ட பாவாடையில் கறை விழுந்தால் போகவே போகாது. வெயில் ஏறியதும் கொல்லைக் கிணற்றோரம் நின்ற பலா மரத்தடியில் உட்கார்ந்து எல்லோரும் கஞ்சி குடிப்பார்கள். அங்கே ஸ்பூன் யாரிடம் இருந்தது? ஒரு பலா இலையைப் பறித்து மடித்துக் கோலிக்கொண்டால் அதுதான் கரண்டி.

அன்று கஞ்சியை வழித்துக் குடித்துவிட்டு, இலையில் மிஞ்சிய நீராகாரத்தை நாக்கில் விட்டுக்கொண்டிருந்தேன். நடு நரம்பு ஒரு சின்ன வாய்க்கால் போலப் பள்ளமாக இருந்தது. நீராகாரம் அதன் வழியே ஒரு நூல் கனத்தில் இறங்கி, இலை நுனியிலிருந்து நாக்கில் விழுந்தது. இலையைக் கொஞ்சம் விரித்தேன், நூல் மெலிந்தது. விரலால் குவித்தேன், கனத்தது. நுனியைக் கிள்ளிப் பிடித்தேன், நின்றே போனது.

நான் கொட்டைச் சாக்கை அங்கேயே போட்டுவிட்டு, நாலைந்து இலைகளைப் பறித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா பிள்ளையை வைத்துக்கொண்டு ஸ்பூனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் இலையில் தண்ணீர் ஊற்றி அகலில் விட்டுக் காட்டினேன். அம்மா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். அத்தைதான் அடுப்படியிலிருந்து, "மரத்து எலையிலயா பச்சப் புள்ளைக்குப் பாலு? காம்புல பிசினு வடியும்டி" என்றார்.

"காம்பக் கிள்ளிட்டு நல்லாக் கழுவிட்டேன் அயித்தை."

"குடு இங்கிட்டு" என்றார் அம்மா. பிள்ளையை நிமிர்த்தித் தன் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார். இடது கையால் தாடையைத் தாங்கி, வலது கையில் இலையைப் பிடித்தார். நான் டம்ளரிலிருந்து கொஞ்சம் பால் விட்டேன். இலை நுனியைக் கன்னத்தின் உள்பக்கம் படும்படி வைத்து அம்மா லேசாகச் சாய்த்தார். தங்கை விழுங்கினாள். அம்மா நுனியைக் கிள்ளி நிறுத்தினார். மறுபடி விட்டார். மறுபடி விழுங்கினாள். மூக்கில் கொஞ்சம் வந்ததைத் துணியால் ஒற்றினேன். டம்ளரில் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அவள் தூங்கவில்லை; முழித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"இன்னொரு வாய் ஊத்து" என்றார் அம்மா.

நர்ஸம்மா அடுத்த முறை வந்தபோது இலையைப் பார்த்து முகம் சுளித்தார். "புழு பூச்சி இருக்கும், தூசி இருக்கும். வேணாம்னு சொன்னா கேக்க மாட்டீங்க. கொதிக்கிற தண்ணியில முக்கி எடுத்தாச்சும் குடுங்க. ஒரு தடவ வச்ச எலைய மறுதடவ வைக்காதீங்க" என்றார். அதுவும் நல்லதாகப் போயிற்று. வெந்நீரில் முக்கியதும் இலை கரும்பச்சையாகி, துணி மாதிரி வளைந்து கொடுத்தது. காலையில் இலை பறித்து வருவது என் வேலையானது. இளசும் இல்லாத முற்றலும் இல்லாத இலையாகப் பார்க்க வேண்டும்; பூச்சி அரித்தது ஆகாது.

எடை பார்க்க முந்திரி வியாபாரியிடம்தான் போவோம். அவர் களத்தில் கொட்டை நிறுக்கிற பெரிய கொக்கித் தராசு தொங்கும். அம்மா பழைய சேலையைத் தூளியாகக் கட்டி அதில் பிள்ளையைப் போடுவார். வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொள்ளாத மனிதர். முள்ளைக் குனிந்து பார்த்து, "ஏறுதுத்தா, ஏறுது" என்பார். சுற்றி முந்திரித்தோல் கரிகிற புகை. கொட்டை உடைக்கிற பெண்கள் கொட்டைத்தோல் எண்ணெய் பட்டு வெந்த விரல்களோடு வந்து எட்டிப் பார்ப்பார்கள். சிலர் உச்சுக்கொட்டுவார்கள். அம்மா அவர்களைப் பார்ப்பதில்லை, முள்ளைத்தான் பார்ப்பார்.

சித்திரை வெயிலில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. பிள்ளை உறிஞ்சிக் குடிக்காத மார்பு. கையால் பீய்ச்சியது போதாமல் பால் கட்டிக்கொண்டது. மார்பு கல்லாக வீங்கி, குளிரில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அப்பா வாடகைக் கார் பிடித்துப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது அம்மா என்னிடம், "அயித்தைய விட்டுட்டு அங்கிட்டு இங்கிட்டுப் போகாத" என்றார். பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுப் பசும்பாலைத் தண்ணீர் கலந்து காய்ச்சி ஆற வைத்தேன். இலையை முக்கி எடுத்தேன். தங்கை பசியில் வீல் வீலென்று கத்தினாள். இத்தனை நாளும் நான் இலையில் பால் விட்டிருக்கிறேனே தவிர, பிள்ளையைப் பிடித்தது அம்மாதான். என் மடியில் வைத்தால் அவள் தலை சரிந்தது.

"அயித்தை, மடியில வச்சுக்கங்க. நான் ஊத்துறேன்."

அத்தை வாசல்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். "என்னால முடியாதுடி."

"பசிக்குது அயித்தை அதுக்கு."

"எங்கையில வேணாம்டி. எங்கையிலதான அன்னைக்கி நீலம் பாரிச்சுச்சு." அத்தை திரும்பினார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "ஊரு புள்ளைக்கெல்லாம் ஊத்துன கை. எந்தம்பி புள்ளைய நானே கொல்லப் பாத்தேன்."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் அத்தை மடியில் வைத்துவிட்டேன். வேறு வழியில்லாமல் பிடித்துக்கொண்டார். நான் எதிரே மண்டியிட்டு இலையைச் சாய்த்தேன். இரண்டு வாய் சரியாக இறங்கியது. மூன்றாவது வாய்க்குத் தங்கை கையை உதறி என் கையைத் தட்டிவிட்டாள். இலையில் பாதிப் பால் ஒரே மடக்காகச் சரிந்தது. அவள் இருமினாள். நான் இலையைப் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டேன்.

அத்தைதான் என் கையிலிருந்து இலையைப் பறித்து, நுனியைக் கிள்ளி நிறுத்தினார். பிள்ளையை முன்னால் சாய்த்து முதுகைத் தடவினார். இருமல் அடங்கியது. முகம் சிவந்தே இருந்தது, கருக்கவில்லை. அத்தை கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, விரலை லேசாகத் தளர்த்தினார். பால் நூலாக இறங்கியது. தங்கை விழுங்கினாள்.

"வெரல மூடுனா நின்டுருது" என்றார் அத்தை, நம்ப முடியாதவர் போல.

"ஆமா அயித்தை."

"அன்னைக்கி அந்தச் சங்க எனக்கு நிறுத்தத் தெரியலடி."

டம்ளர் காலியாகும்வரை அத்தையே ஊற்றினார். பிள்ளை தூங்கிய பிறகும் மடியைவிட்டு இறக்கவில்லை. கால் மரத்துப்போய்விட்டது என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அம்மா மூன்று நாள் கழித்து மார்பில் கட்டோடு திரும்பி வந்தபோது, பிள்ளை அத்தை மடியில்தான் இருந்தாள். அம்மா பார்த்தார். "அண்ணி, சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். பிள்ளை பிறந்ததிலிருந்து அம்மா அத்தையிடம் தானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

முந்திரிக் காய்ப்பு முடிந்து, வியாபாரி களத்தைக் கூட்டிக் கட்டுகிற சமயத்தில் தராசு முள் நாலரையைத் தாண்டியது. தஞ்சாவூருக்கு எல்லோருமே போனோம், அத்தை உட்பட. ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரம்மா அப்பாவிடம், "வெளியில ஸ்டுடியோ இருக்கு. இப்ப ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்களேன்" என்றார். அப்பா, "எதுக்குங்க, மறக்க வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டார். அப்பா அதைப் பிள்ளையின் நல்லதுக்கென்றுதான் சொன்னார்.

பிள்ளையைத் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தபோது, உதட்டில் கறுப்பு நூல் தெரிந்தது. வாய் சின்னதாகிவிட்டிருந்தது. அம்மா வாங்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு அழுதுவிட்டார். எல்லோரும் சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தார்கள். அம்மா அத்தையின் காதருகே, "அண்ணி, எம்புள்ள மாதிரியே இல்லயே" என்றார். அத்தை, "வா புள்ள, பழகிரும்" என்று அம்மா முதுகில் கையை வைத்தார்.

பழகித்தான் போயிற்று. அண்ணத்தை அடுத்த வருஷம் தைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் பேச்சைக் கேலி செய்தவர்கள் இருந்தார்கள். சில எழுத்துகள் அவளுக்கு இன்றும் மூக்கு வழியாகத்தான் வரும். கீரமங்கலத்தில் கட்டிக்கொடுத்தோம். அங்கே பூ மார்க்கெட்டில் அவளும் அவள் வீட்டுக்காரரும் கமிஷன் கடை வைத்திருக்கிறார்கள். காலையில் ஏலம் கூறுகிறபோது அந்தக் குரல் கூட்டத்தில் தனியாகத் தெரியும். அத்தை கடைசிக் காலத்தில் அவளோடு போய்த்தான் இருந்தார்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக என் வீட்டுக்கு வந்து தங்கினாள். தன் பேரனை, அவன் பிறந்த அன்றே போனில் எடுத்த படங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் போனைக் கீழே வைத்துவிட்டு, இத்தனை வருஷத்தில் கேட்காததைக் கேட்டாள்.

"அக்கா, தைக்கிறதுக்கு முன்னாடி நான் எப்படி இருந்தேன்?"

போட்டோ இருந்தால் எடுத்துக் காட்டியிருக்கலாம். அம்மா இல்லை, அப்பா இல்லை, அத்தை இல்லை. அந்த முகத்தைத் தினம் பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பது நான்தான்.

"பால் குடிச்சு வயிறு நெறஞ்சதும் சிரிப்ப. நம்ம எல்லாரையும் விட ரெண்டு மடங்கு பெரிய சிரிப்பு. காது வரைக்கும் போகும்" என்றேன்.

அவள் மேலுதட்டுத் தழும்பை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"அப்ப நல்லாத்தான் இருந்திருக்கேன்" என்றாள்.